கணக்கில் எதை முதலில் செய்வது? செயல்களின் வரிசையைக் கற்பிப்பது பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயல்களின் வரிசை என்றால் என்ன, சுருக்கமாக?

2 + 3 × 4 என்று எழுதியிருந்தால் விடை 14, 20 அல்ல. ஒரே கோவையில் பல செயல்கள் வரும்போது எதை முதலில் செய்வது என்ற ஏற்பாடுதான் இது. அடைப்புக்குறிக்குள் இருப்பது முதலில். அடுத்து அடுக்கு. அதன்பின் பெருக்கலும் வகுத்தலும். இரண்டுக்கும் ஒரே தகுதி என்பதால் இடமிருந்து வலமாக. கடைசியில் கூட்டலும் கழித்தலும், அவையும் அதே போல. விதி இவ்வளவுதான், சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அப்படியிருந்தும் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் இதில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு விதி தெரியும். கோவையைப் பார்த்தவுடன் கையில் கிடைத்த முதல் இரண்டு எண்களைக் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். கணக்குப் போடுவதற்கு முன் கோவையை முழுதாகப் பார்க்க வைக்கும் பயிற்சி எதுவோ அதுவே நல்ல பயிற்சி. கீழே உள்ளவற்றை எல்லாம் அந்த அளவுகோலில்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பெருக்கலுக்கு மட்டும் ஏன் முன்னுரிமை? மாணவர் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்கிற பிள்ளை நல்ல கேள்வியைத்தான் கேட்கிறது.

இது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, இயற்கை விதி அல்ல. வேறு மாதிரியும் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கென்னத் ஐவர்சன் உருவாக்கிய ஏபிஎல் என்ற கணினி மொழியில் எந்தக் குறிக்கும் முன்னுரிமை கிடையாது. எல்லாம் வலப்பக்கத்திலிருந்து கணக்கிடப்படும். அதில் 2 × 3 + 4 என்று கொடுத்தால் 14 வரும். ஸ்மால்டாக் மொழியில் எல்லாச் செயல்களும் இடமிருந்து வலம். அங்கே 2 + 3 × 4 என்பது 20. இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எழட்டும்.

சரி, அப்படியானால் நாம் ஏன் பெருக்கலை முன்னால் வைத்தோம்? 3 × 4 என்பது 4 + 4 + 4 என்பதன் சுருக்கம். சுருக்கத்தை விரித்து எழுதினால் 2 + 3 × 4 என்பது 2 + 4 + 4 + 4 ஆகிறது, விடை 14. அதே போல 3² என்பது 3 × 3-இன் சுருக்கம். 2 × 3² என்பது 2 × 3 × 3, அதாவது 18. எது எதனுடைய சுருக்கமோ அதை முதலில் விரிக்க வேண்டும் என்று பார்த்தால் முழு வரிசையும் தானாக வந்து நிற்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில்தான் குறியீட்டு இயற்கணிதம் இன்றைய வடிவத்தை நெருங்குகிறது. வில்லியம் ஆட்ரெட் 1631-இல் × குறியை அச்சில் கொண்டுவந்தார். டெகார்த் 1637-இல் அடுக்கை மேலே சிறிதாக எழுதினார். 3அ + 5ஆ போன்ற கோவைகளை நாள் முழுக்க எழுதுகிறவர்களுக்கு, பெருக்கலுக்கு முன்னுரிமை இல்லையென்றால் ஒவ்வோர் உறுப்பையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருக்கும். கை வலிக்கும்.

போட்மாஸ் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

போட்மாஸ் (BODMAS) என்பது அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையை ஆங்கில முதலெழுத்துகளால் நினைவூட்டும் சொல். தொடக்கத்தில் உதவும், பிறகு காலை வாரும். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக நம்புகிற பிள்ளை கழித்தலுக்கு முன் கூட்டலைச் செய்யும். 10 − 3 + 2 என்று கொடுத்துப் பாருங்கள். 3 + 2 = 5, 10 − 5 = 5 என்று பலர் எழுதுவார்கள். விடை 9.

இதையே ஒரு வகுப்பாக மாற்றலாம். கரும்பலகையில் ஒரு பக்கம் போட்மாஸ், மறுபக்கம் அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் அதே மாதிரிச் சொல்லான பெம்டாஸ் (PEMDAS). முதலாவதில் வகுத்தல் முன்னால் வருகிறது, இரண்டாவதில் பெருக்கல். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, தங்களுக்குக் கொடுத்த சொல்லை அப்படியே பின்பற்றி 24 ÷ 4 × 2-ஐப் போடச் சொல்லுங்கள். ஒரு அணிக்கு 12, மறு அணிக்கு 3. இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு வேறாக இருக்க முடியாதே என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

அங்கிருந்து உண்மையான காரணத்துக்குப் போகலாம். 4-ஆல் வகுப்பதும் கால் பங்கால் பெருக்குவதும் ஒன்றே. எனவே 24 ÷ 4 × 2 என்பது 24 × ¼ × 2. எல்லாமே பெருக்கல், எந்த வரிசையில் செய்தாலும் 12. கழித்தலும் அப்படித்தான்: 10 − 3 + 2 என்பது 10 + (−3) + 2. இரண்டுக்கும் ஏன் ஒரே தகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. குறை எண்கள் இன்னும் அறிமுகமாகாத வகுப்பில் இடமிருந்து வலம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பை எப்படித் தொடங்கலாம்?

விதியைச் சொல்லாமல், புள்ளிகளோடு.

பலகையில் இரண்டு படம் வரையுங்கள். முதல் படத்தில் வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை, பக்கத்தில் தனியாக 2 புள்ளிகள். இரண்டாவது படத்தில் வரிசைக்கு 4 புள்ளியாக 5 வரிசை. மேல் 2 வரிசை நீலம், கீழ் 3 வரிசை சிவப்பு. ஒவ்வொன்றாக எண்ணாமல், 2, 3, 4 ஆகிய எண்களை மட்டும் ஒவ்வொரு முறை பயன்படுத்தி, மொத்தப் புள்ளிகளைச் சொல்லும் கோவையை எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் படம், மறு பாதிக்கு இரண்டாவது. மற்றவர் படத்தைப் பார்க்கக் கூடாது.

அடைப்புக்குறி தெரியாத வகுப்பாக இருந்தால் இரு பக்கமும் 2 + 3 × 4 என்றே எழுதுவார்கள். ஒரு பக்கத்தில் 14 புள்ளிகள், மறுபக்கத்தில் 20. இப்போது தாள்களை மாற்றிக் கொடுத்து, கோவையை மட்டும் பார்த்துப் படத்தை வரையச் சொன்னால் குழப்பம் முழுதாக வெளிப்படும். "ஏதாவது அடையாளம் போட்டாத்தான் தெரியும்" என்று அவர்களே சொல்லும் இடம் வரும். அதுதான் அடைப்புக்குறியை அறிமுகப்படுத்தும் நேரம். தேவை வந்த பிறகு கிடைக்கும் விதி மறப்பதில்லை.

மறுநாள் தலைகீழாக: கோவையைக் கொடுத்துப் படம் கேளுங்கள். 4 × 3 − 2 என்றால் 12 புள்ளிகள் போட்டு 2-ஐ அடிக்க வேண்டும். 4 × (3 − 2) என்றால் ஒவ்வொரு வரிசையிலும் 2-ஐ அடிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே பங்கீட்டுப் பண்பும் ஒளிந்திருக்கிறது. அதைப் பெயர் சொல்லி இப்போதே இழுத்து வர வேண்டாம்.

கதைக் கணக்குகள் உதவுமா?

நீங்கள் சொல்லும் கதையைவிட அவர்கள் எழுதும் கதை அதிகம் உதவும். 3 × 6 + 4, 3 × (6 + 4) என்ற இரண்டையும் கொடுத்து ஆளுக்கு ஒரு கதை எழுதச் சொல்லுங்கள். 6 பென்சில் உள்ள பெட்டி 3, வெளியே 4 பென்சில் என்று முதலாவதற்கு எளிதாக எழுதிவிடுவார்கள். இரண்டாவதில்தான் தெரியும் யாருக்குப் புரிந்திருக்கிறது என்று. ஒவ்வொரு பெட்டியிலும் 6 பென்சிலும் 4 பேனாவும் என்று எழுதிய பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "6 பென்சிலும் 4 பேனாவும், அப்புறம் 3 பெட்டி" என்று எழுதிய பிள்ளையோடு கொஞ்சம் உட்கார வேண்டும்.

கோவையைத் துண்டு போடும் முறை என்கிறார்களே, அது எப்படி?

ஒரே ஒரு உத்தியைத்தான் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

40 − 24 ÷ 4 × 2 + 6

அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு + குறிக்கும் − குறிக்கும் முன்னால் பென்சிலால் ஒரு நேர்க்கோடு. எதையும் கணக்கிடக் கூடாது.

40 | − 24 ÷ 4 × 2 | + 6

மூன்று துண்டுகள் கிடைத்துவிட்டன. குறி எப்போதும் தனக்குப் பின்னால் வரும் துண்டோடு சேர்ந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக முடித்தால் 40, −12, +6. சேர்த்தால் 34.

இந்தக் கோடுகள் போடும் சில நொடிகளில் பிள்ளையின் கண் கோவை முழுவதையும் ஒரு முறை கடந்துவிடுகிறது. வரிசையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. துண்டுக்குள் பெருக்கலும் வகுத்தலும், துண்டுகளுக்கு இடையே கூட்டலும் கழித்தலும். பின்னால் இயற்கணிதத்தில் "உறுப்பு" என்று சொல்லும்போது இவர்களுக்கு அது பழைய நண்பர். அடைப்புக்குறி இருந்தால் அதன்மேல் ஒரு விரலை வைத்து மறைத்து, அதை ஒற்றை எண்ணாக நினைத்துக் கோடு போடச் சொல்லலாம்.

எழுந்து நடமாடிச் செய்யும் பயிற்சி ஏதாவது?

உண்டு. 7 + 2 × 5 − 4 என்பதற்கு ஏழு அட்டைகள், ஏழு மாணவர்கள், வரிசையாக நிற்க வேண்டும். × அட்டைக்காரர் இருபுறமும் உள்ளவர்களின் தோளில் கை போட்டுக்கொள்வார். + அல்லது − வைத்திருப்பவர் விரல் நுனியை மட்டும் தொடுவார். அடைப்புக்குறி வேண்டுமென்றால் அந்தக் குழுவைச் சுற்றி ஒரு கயிறு.

தோளில் கை போட்ட மூவரும் உள்ளே போக, வெற்று அட்டையில் 10 என்று எழுதிக்கொண்டு ஒருவர் அந்த இடத்துக்கு வருவார். இப்போது நிற்பது 7 + 10 − 4. உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு புதிய வரி எழுத வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். எழுதாவிட்டால் அது வெறும் விளையாட்டாகப் போய்விடும். சத்தம் அதிகமாகும், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரலாம். ஒரு முறை செய்தால் போதும்.

அடைப்புக்குறியை வைத்து விளையாட முடியுமா?

12 − 6 ÷ 2 + 1 என்று எழுதி, எண்களையும் குறிகளையும் இடம் மாற்றாமல், அடைப்புக்குறி மட்டும் போட்டு எத்தனை விடைகள் வரவழைக்க முடியும் என்று கேளுங்கள். நான்கு எண்கள் இருந்தால் முழுமையாக அடைப்புக்குறி போட ஐந்து வழிகள் மட்டுமே உண்டு:

((12 − 6) ÷ 2) + 1 = 4
(12 − (6 ÷ 2)) + 1 = 10
(12 − 6) ÷ (2 + 1) = 2
12 − ((6 ÷ 2) + 1) = 8
12 − (6 ÷ (2 + 1)) = 10

ஐந்து வழி, நான்கு விடை. 10 இரண்டு முறை வருகிறது. இரண்டாவது 10 தற்செயலாக வந்தது. இது அருமையான பேச்சுக்கு இடம் தரும்: விடை சரியாக வந்துவிட்டால் வழியும் சரி என்று சொல்ல முடியுமா? 12 − 6 ÷ 2 + 1-ஐக் கணக்கிடச் சொன்னபோது 2 + 1-ஐ முதலில் செய்த மாணவருக்கும் 10 கிடைக்கும். நீங்கள் முழு மதிப்பெண் போட்டிருப்பீர்கள்.

மூன்று எண்களுக்கு 2 வழி, நான்குக்கு 5, ஐந்துக்கு 14. கேட்டலன் எண்கள் என்று பெயர். ஆர்வமுள்ளவர்கள் அந்த 14-ஐயும் எழுதிப் பார்க்கட்டும். அரை மணி நேரம் அமைதி கிடைக்கும்.

"நான்கு நான்குகள்" புதிரை எந்த வகுப்புக்குத் தரலாம்?

ஆறாம் வகுப்பிலிருந்து தாராளமாக. சரியாக நான்கு 4-களை வைத்து, எந்தச் செயல்களையும் பயன்படுத்தி, ஒவ்வொரு எண்ணாக உருவாக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் புதிர் இது.

4 ÷ 4 + 4 ÷ 4 = 2. (4 + 4 + 4) ÷ 4 = 3. (4 × 4 + 4) ÷ 4 = 5. 4 + 4 − 4 ÷ 4 = 7. 44-ஐ அனுமதித்தால் (44 − 4) ÷ 4 = 10.

வரிசையைக் கற்பிக்க வேண்டுமென்றால் 3-இல் நின்றுவிடுங்கள். அடைப்புக்குறியை மறந்து 4 + 4 + 4 ÷ 4 என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். அதைத் தப்பு என்று அடிக்க வேண்டாம். அது 9. "நீ 3-ஐக் கண்டுபிடிக்கவில்லை, 9-ஐக் கண்டுபிடித்துவிட்டாய்" என்று சொல்லி 9-க்கு நேராக எழுதச் சொல்லுங்கள்.

பகடை விளையாட்டு எப்படி ஆடுவது?

நான்கு பகடை உருட்டி, விழுந்த எண்களை ஒவ்வொரு முறை பயன்படுத்தி 24-ஐக் கொண்டுவர வேண்டும், அல்லது முடிந்த அளவு அதன் அருகில். 2, 3, 5, 6 விழுந்தால் 6 × 5 − 3 × 2 = 24. இதற்கு அடைப்புக்குறியே வேண்டாம் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான் ஒரு விதி சேர்ப்பது வழக்கம்: தேவையில்லாத அடைப்புக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும். அந்த விதி வந்தவுடன் "இது இல்லாமலும் அதே விடை வருமா?" என்று ஒவ்வொரு குழுவும் தன் கோவையைத் திரும்பப் படிக்கத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்தத் திரும்பப் படித்தல்தான்.

கால்குலேட்டரை வகுப்பில் அனுமதிக்கலாமா?

இந்தப் பாடத்துக்கு மட்டும் கட்டாயம் அனுமதியுங்கள், அதுவும் வெவ்வேறு வகையாக. விண்டோஸ் கணினியில் உள்ள கால்குலேட்டரைச் சாதாரண நிலையில் வைத்து 2 + 3 × 4 அழுத்தினால் 20 காட்டும். அறிவியல் நிலைக்கு மாற்றி அதையே அழுத்தினால் 14. ஒரே கருவி, இரண்டு விடை. சாதாரண நிலை ஒவ்வொரு குறியை அழுத்தும்போதும் அதுவரை வந்ததைக் கணக்கிட்டு முடித்துவிடுகிறது. பின்னால் என்ன வரப்போகிறது என்று அது பார்ப்பதில்லை. அவசரக்கார மாணவரும் அதைத்தான் செய்கிறார். பெயர் சொல்லாமல் இதைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர் சிரித்துவிடுவார்.

−3²-இன் விடை 9-ஆ, −9-ஆ?

கணித வழக்கில் −9. அடுக்கு 3-க்கு மட்டும் உரியது. குறை பிறகு வருகிறது. 9 வேண்டுமென்றால் (−3)² என்று எழுத வேண்டும்.

ஆனால் எக்செல்லில் ஒரு கட்டத்தில் =-3^2 என்று தட்டினால் (^ அங்கே அடுக்குக் குறி) 9 வரும்; பைத்தான் என்ற கணினி மொழியில் அதே கணக்கு (அங்கே அடுக்குக் குறி **) −9 தரும். 2^3^2 கூட இப்படித்தான்: எக்செல் இடமிருந்து போய் 64 என்கிறது, பைத்தானும் கணித வழக்கும் மேலிருந்து தொடங்கி 512 என்கின்றன. வேலைக்குப் போன பின் எக்செல்லில்தான் பலர் கணக்குப் போடப் போகிறார்கள் என்பதால் மேல் வகுப்புகளில் இதைக் காட்டிவிடுவது நல்லது.

இணையத்தில் சுற்றும் 8 ÷ 2(2 + 2) போன்ற புதிர்களை என்ன செய்வது?

2019-இல் இந்தக் கோவைதான் உலகம் முழுக்கச் சண்டையைக் கிளப்பியது. 16 என்று ஒரு கட்சி, 1 என்று ஒரு கட்சி. ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணிதவியலாளர் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதும் அளவுக்குப் போனது.

பள்ளி விதியை அப்படியே போட்டால் 8 ÷ 2 × 4, இடமிருந்து வலம், 16. ஆனால் 2(2 + 2) என்று பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டி எழுதினால் அது ஒரே பொருள் போலப் படிக்கப்படுவதும் உண்டு; அப்படிப் படித்தால் 1. கருவிகளிலும் இந்தப் பிளவு உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பழைய டிஐ-82 கால்குலேட்டர் ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு அதிக முன்னுரிமை கொடுக்கும். அடுத்து வந்த டிஐ-83 கொடுக்காது. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, ÷-உம் ×-உம் ஒன்றாக வரும்போது எது முதலில் என்பதில் உடன்பாடு இல்லை என்று 1920-களின் இறுதியிலேயே பதிவுசெய்திருக்கிறார். கணிதக் குறிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 80000-2-வோ ÷ குறியையே பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

எனவே வகுப்பில் "எது சரி?" என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். எழுதியவர் ஒழுங்காக எழுதவில்லை என்பதே என் தீர்ப்பு. மாணவர்களிடம் கொடுத்து, யாருக்கும் சந்தேகம் வராதபடி இரண்டு விதமாகத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: ஒன்று 16 தர வேண்டும், ஒன்று 1 தர வேண்டும். பின்னக் கோடு போட்டு எழுதினால் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பின்னக் கோட்டுக்கும் இந்த வரிசைக்கும் என்ன தொடர்பு?

பின்னக் கோடு கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி. மேலே 6 + 4, கீழே 3 + 2 இருந்தால் (6 + 4) ÷ (3 + 2), அதாவது 2. அதையே ஒரே வரியில் 6 + 4 ÷ 3 + 2 என்று கணினியில் தட்டினால் வேறு கணக்கு. வர்க்கமூலக் குறியின் மேல்கோடும் இதே வேலையைச் செய்கிறது: √(9 + 16) என்பது 5, √9 + √16 என்பது 7.

விடை சரி, ஆனால் சமக்குறியைச் சங்கிலியாக எழுதுகிறார்கள். கண்டிக்க வேண்டுமா?

3 + 4 × 5 − 2-க்கு "4 × 5 = 20 + 3 = 23 − 2 = 21" என்று எழுதுகிறார்கள். மனதில் நடந்தது சரி, எழுதியது பொய்: 4 × 5 எப்படி 20 + 3-க்குச் சமமாகும்? ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் சமக்குறியை அறிமுகப்படுத்தியபோது இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதே. மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, வரிக்கு வரி முழுக் கோவையையும் எழுதும் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்:

3 + 4 × 5 − 2
= 3 + 20 − 2
= 21

பாட்டு, நினைவு வாக்கியம், வண்ணச் சுவரொட்டி எல்லாம் வீணா?

வீணில்லை, ஆனால் அவை பெயர்ப் பட்டியலை நினைவூட்டும், கோவையைப் பார்க்க வைக்காது. ஒட்டுங்கள். ஒட்டும்போது பெருக்கலையும் வகுத்தலையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக வேண்டாம்.

பின்தங்கியிருக்கும் மாணவருக்கு எப்படி உதவுவது?

முதலில் எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். வாய்ப்பாடு தடுக்கிறதா, வரிசை தடுக்கிறதா? இரண்டையும் ஒரே கணக்கில் சோதித்தால் தெரியாது. பத்துக்குள் அடங்கும் எண்களாகக் கொடுங்கள். அல்லது விடையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விடை கேட்காத ஒரு பயிற்சி: கோவைகளைக் கொடுத்து, கடைசியாகச் செய்ய வேண்டிய செயலை மட்டும் வட்டமிடச் சொல்வது. எல்லாரும் முதல் செயலைத்தான் கேட்பார்கள். கடைசியைக் கேட்டால் முழுக் கோவையையும் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. 5 × (8 − 2) + 9-இல் கடைசிச் செயல் கூட்டல். (5 + 1) × (8 − 2)-இல் பெருக்கல். பயந்த பிள்ளைகள்கூட இதில் கலந்துகொள்வார்கள், கணக்குப் போட வேண்டியதில்லையே.

சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு?

அடைப்புக்குறியும் முன்னுரிமையும் இல்லாமலே எழுதும் முறை ஒன்றைக் கொடுங்கள். போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் வூகாசியேவிச் 1920-களில் குறியை எண்களுக்கு முன்னால் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அதைத் திருப்பிப்போட்டுக் குறியைப் பின்னால் வைத்தால் 2 + 3 × 4 என்பது "2 3 4 × +" ஆகிறது. (2 + 3) × 4 என்பது "2 3 + 4 ×". இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, குறி வந்ததும் கடைசி இரண்டு எண்களை எடுத்துச் செய்ய வேண்டும். 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டர் இப்படித்தான் வேலை செய்தது, அதில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. பாடக் கணக்குகளை இந்த முறைக்கு மாற்றி நண்பருக்குச் சங்கேதமாக அனுப்பச் சொன்னால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

புரிந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட எண்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். தவறான வழியில் போனால் பின்னம் வந்து நிற்கும் கணக்கில் பிள்ளை சுதாரித்துக்கொண்டு வழியை மாற்றிவிடும். தவறு உங்கள் கண்ணில் படாது. எல்லா வழியிலும் முழு எண் வர வேண்டும். மேலே பார்த்த 40 − 24 ÷ 4 × 2 + 6 அப்படித் தேர்ந்தெடுத்ததுதான்.

34 எழுதியவருக்குச் சரி. 14 எழுதியவர் எந்த முன்னுரிமையும் பார்க்காமல் இடமிருந்து வலமாகப் போயிருக்கிறார். 43 என்றால் வகுத்தலுக்கு முன் பெருக்கலைச் செய்திருக்கிறார். 22 என்றால் கழித்தலுக்கு முன் கூட்டல். திருத்தும்போதே யாரோடு எதைப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். நான்கு விடைகளையும் பலகையில் எழுதி, "இவர் என்ன செய்திருப்பார்?" என்று வகுப்பையே துப்பறிய விடலாம்.

வீட்டுப்பாடமாக எதைக் கொடுக்கலாம்?

முப்பது கணக்கு வேண்டாம். துண்டு போட ஒன்று, கடைசிச் செயலைக் கண்டுபிடிக்க ஒன்று, கதை எழுத ஒன்று. நான்காவதாக இது: 5 + 3 × 2 − 1-இல் அடைப்புக்குறி போட்டோ போடாமலோ 15, 10, 8 ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். 8-ஐ இரண்டு விதமாகப் பெறலாம். அதைச் சொல்லாமல் அனுப்புங்கள், மறுநாள் இரண்டு பேர் வெவ்வேறு வழியோடு வருவார்கள்.